குசினி வரை போகும் விருந்தாளிகள்

எங்கள் கல்லூரியில் மத நல்லிணக்க விழா என்றால் மூன்று மதத்தார் சேர்ந்து ஒரு குத்துவிளக்கை ஏற்றுவார்கள், ஒருவர் படம் எடுப்பார். படம் எடுக்கிற ஆள் நான். பாளையங்கோட்டையில் வேதியியல் நடத்துகிற எனக்கு இந்தப் பொறுப்பு வந்ததற்கு ஒரே காரணம், யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று முதல்வர் கேட்டபோது எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், நான் மட்டும் சுதாரிக்கவில்லை. விழா முடிந்து விளக்கு அணைவதற்குள் பிள்ளைகள் கேண்டீனில் அவரவர் மேசைக்குப் போய்விடுவார்கள். இந்த மேசைக்காரர் அந்த மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் ஓர் இணையவழிக் கூட்டத்தில் கொழும்பு விரிவுரையாளர் தர்ஷினியின் பேச்சைக் கேட்டேன். "நாங்கள் மண்டபத்தில கூட்டம் வைக்கிறேல்ல. பிள்ளையளின்ர வீடுகளுக்குப் போறனாங்கள். குசினிக்குள்ள போகாட்டி அந்த வீட்டுக்குப் போனதாக் கணக்கில்லை" என்றார். குசினி என்றால் சமையலறை. விருந்தாளியைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டுச் சமையலறை வாசலுக்குத் திரை போடுகிற ஊர்க்காரி நான். வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "ஓம், வாங்கோ" என்றார்.

வெள்ளவத்தையில் வியாழக்கிழமை மத்தியானம் இறங்கினேன். காலி வீதியில் தமிழ்ப் பலகைகள், சேலைக் கடைகள், நகைக் கடைகள். கொஞ்ச நேரம் திருநெல்வேலி வடக்கு ரத வீதியில் நிற்கிற மாதிரியே இருந்தது. குறுக்குத் தெருவுக்குள் திரும்பினால் அந்த நினைப்பு போய்விடும். எல்லாத் தெருவும் ரயில் தண்டவாளத்தில் போய் முட்டுகிறது, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல்.

பசி. ஒரு சைவக் கடைக்குள் நுழைந்து தேநீர் கேட்டேன். தேநீரோடு ஒரு பெரிய தட்டு வந்தது. வடை, ரோல்ஸ், சமோசா, இன்னும் பெயர் தெரியாத இரண்டு மூன்று. நான் கேட்கவே இல்லை. ஆளைப் பார்த்தே எடை போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். வைத்ததை மிச்சம் விடுவது மரியாதை இல்லையே என்று மூச்சு முட்டத் தின்று தீர்த்தேன். பரிமாறியவர் வந்து காலித் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் சாப்பிட்டீங்களா? வேணுமானத எடுத்தாப் போதும். எடுத்ததுக்கு மட்டுந்தான் காசு" என்றார். பக்கத்து மேசையில் சிரிப்பு வந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஹெவ்லொக் டவுன் பக்கம் இருக்கிற அவர்களுடைய தனியார் கல்லூரிக்குப் போனேன். எங்கள் ஊரில் மேடம், இங்கே மிஸ். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் நாள் முழுக்க மிஸ், மிஸ் என்று கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் பூரிப்புதான்.

தர்ஷினி சுருக்கமாகச் சொன்னார். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் குண்டு வெடித்த பிறகு, இந்தக் கல்லூரியிலும் பிள்ளைகள் மேசை மேசையாகப் பிரிந்து உட்கார ஆரம்பித்தார்கள். பேச்சு, சுவரொட்டி எல்லாம் வைத்துப் பார்த்தும் மேசை மாறவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வீட்டு முறை. நாலு பேர் ஒரு குழு, ஒவ்வொரு தரமும் ஒருவர் வீடு. அந்த வீட்டில் வழக்கமாகச் சமைப்பதைத்தான் சமைக்க வேண்டும், வருகிறவர்கள் குசினிக்குள் போய்க் கூட வேலை செய்ய வேண்டும். போனால் எல்லாரும் போக வேண்டும், ஒருவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

"இந்தக் குழுவில எல்லா வீடும் முடிஞ்சுது. டிலானியின்ர வீடு மட்டும் மிச்சம்" என்றார்.

டிலானி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், கடைசி வருடம். கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து அவளே விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய மாமா, அம்மாவின் ஒரே தம்பி ஜூட், அந்த ஞாயிறு பூசைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு வாசலை ஒரு முஸ்லிமும் மிதித்ததில்லை. டிலானியின் உயிர்த் தோழியோ வெள்ளவத்தை றிஸ்னா.

"எல்லாரையும் கூட்டிட்டு வா, அந்தப் புள்ளைய மட்டும் வேணாம் எண்டுதான் அம்மா இவ்வளவு நாளும் சொன்னா. இந்த ஞாயிறு வரட்டும் எண்டிட்டா. ஆனா முகத்த உர் எண்டுதான் வச்சிருக்கிறா மிஸ்." கையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "றிஸ்னா வீட்ல நான் எத்தன தரம் சாப்பிட்டிருக்கிறேன். எண்ட வீட்டுக்கு அவளக் கூப்பிட ஏலாதெண்டா நான் இதுல இருந்து என்ன பிரயோசனம்? இதுவும் சரிவரல்ல எண்டா நான் விலகிடுவேன். அவளிட முகத்தப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு."

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அன்று மாலை ஊர் சுற்றிக் காட்ட களனிப் பையன் கவிந்துவை என்னோடு அனுப்பினார்கள். சிங்களப் பௌத்தன், இந்த வீடுகளுக்குப் போய்ப் போயே தமிழ் கற்றுக்கொண்டவன். அதனால் அவன் தமிழில் சாப்பாட்டுச் சொற்கள் தாராளம், மற்றதெல்லாம் பற்றாக்குறை. திரும்பும்போது கோட்டை ஸ்டேஷனில் வெள்ளவத்தைக்கு ரயில் ஏறினோம். அலுவலகம் விடுகிற நேரம். எங்கள் ஊர்ப் பாசஞ்சர் வண்டியில் தீபாவளிக்கு முதல் நாள்கூட இப்படி நெருக்கியதில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் அலை தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரி வந்து போனது. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது "மிஸ், இறங்குங்க, மிஸ்!" என்று கவிந்துவின் குரல் பிளாட்பாரத்திலிருந்து கேட்டது. வண்டி நகர்ந்துவிட்டது. அவன் ஓடி வந்து தொற்றிக்கொண்டான். அடுத்த ஸ்டேஷன் தெஹிவளை.

பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொல்ல, பெட்டியே சிரித்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். கவிந்து தயங்கினான். "இறங்குற ஆள் கதவப் பாக்கணுமாம். கடலப் பாத்தா காலி டவுன் வரைக்கும் போய் பாத்திட்டே வரலாமாம்." தெஹிவளையிலிருந்து நடந்தே திரும்பினோம்.

சனிக்கிழமை றிஸ்னாவின் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பாய் விரித்து நடுவில் ஒரு பெரிய தாம்பாளம். அதில் குன்று மாதிரி சோறு, மேலே இறைச்சி, கோழி, முட்டை. சஹன் என்கிறார்கள். ஆளுக்கு ஒரு தட்டு வரும் என்று நான் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. எல்லாரும் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்த ஒன்றில்தான் அத்தனை பேரும் சாப்பிட வேண்டும்.

எச்சில் என்ற சொல்லோடு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடிக்காவிட்டால் அடி விழும். கை தாம்பாளத்தின் விளிம்பு வரை போய் நின்றது. றிஸ்னாவின் உம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"உங்கட பக்கத்தால தின்னுங்க மிஸ். உங்கட எல்லைக்கு ஒத்தரும் வரமாட்டாங்க" என்று சிரித்தார்.

நான் என் எல்லைக்குள் பயந்து பயந்து தின்ன ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் எல்லையைத் தாண்டிப் போனது நானேதான். கோழித் துண்டு அந்தப் பக்கம் இருந்தது, என்ன செய்வது. கூச்சம் எந்த இடத்தில் போனது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கிளம்பும்போது றிஸ்னா வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்தினாள். "மிஸ், நான் நாளைக்கு நோன்பு புடிக்கப் போற. ரமழான்ல விட்ட நோன்பு பாக்கி ஈக்கி. அன்ரிக்குக் கரச்சல் இல்லத்தானே. எனக்கு என்ன குடுக்கிற, ஹலாலா இல்லையா எண்டெல்லாம் அவங்க யோசிக்கத் தேவையில்ல. நான் சும்மா ஓரமா இருந்திட்டு வந்திடுவேன். டிலானிக்குச் சொல்லாதீங்க, ஏசுவா."

அன்ரி என்றது டிலானியின் அம்மாவை, கரச்சல் என்றால் தொந்தரவு. எவ்வளவு பக்குவமான பெண் என்று நினைத்தேன். நல்ல யோசனை என்று முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் தர்ஷினி, றிஸ்னா, கவிந்து, நான் நாலு பேரும் பஸ்ஸில் கொட்டாஞ்சேனை போனோம். வெள்ளவத்தை வேறு, இது வேறு. தெருக்கள் ஒடுக்கம், சத்தம் தாராளம். சந்தியில் கண்ணாடிக் கூண்டுக்குள் மாதா, நாலு அடி தள்ளி ஒரு கோபுரம், அதற்கும் அந்தப் பக்கம் பள்ளிவாசல் மினாரா. சாமிகளுக்குள் ஒரு சண்டையும் இருப்பதாகத் தெரியவில்லை. றிஸ்னா நடந்துகொண்டே முக்காட்டைச் சரி செய்தாள், மறுபடியும் சரி செய்தாள். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

டிலானியின் அம்மா றீட்டா வாசலில் நின்றார். மெலிந்த உடம்பு, நேர்த்தியாக வாரிய தலை. "வாங்க, இருங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். றிஸ்னாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தார். கூடத்துச் சுவரில் திரு இருதயப் படம், மாதா, அந்தோனியார். அவற்றுக்குக் கீழே சிவப்புச் சின்ன பல்பு எரிகிற படத்தில் சிரிக்கிற ஓர் இளைஞர். அதுதான் ஜூட் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேசையில் மஞ்சள் சோறு, கோழிக் கறி, கத்தரிக்காய் மோஜு, கட்லட், பருப்பு. றீட்டா தட்டுகளை வைத்தார். "சாப்பிட வாங்க" என்றார். அப்போதுதான் முதல் தடவையாக றிஸ்னாவை நேராகப் பார்த்தார். "நீங்களும் வாங்க."

றிஸ்னா எழுந்து நின்றாள். "அன்ரி, நான் இண்டைக்கு நோன்பு."

"ஆ... சரி" என்றார் றீட்டா. ஒரு தட்டை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிலானிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று தோழியின் கையைப் பிடித்து அடிக்குரலில் கேட்டாள். "அம்மா நேத்து முஸ்லிம் கடைக்குத் தானே போய் ஹலால் கோழி வாங்கினா. இத்தன வருஷம் அந்தக் கடப் பக்கமே போகாத மனுஷி. பழைய சட்டியில பண்டி இறைச்சி சமைச்சது எண்டு புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தட்டு. எனக்கே காலையிலதான் தெரியும். இப்ப நீ நோன்பெண்டு வந்து நிக்கிற!"

முதுகில் தட்டிக் கொடுத்தவள் நான்தானே. விருந்து கொடுப்பவருக்குத் தொந்தரவு கூடாது என்று இவள் பட்டினி கிடக்க, விருந்தாளிக்குச் சங்கடம் கூடாது என்று அவர் அடுப்படியையே மாற்றியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

றிஸ்னா குசினிக்குள் போனாள். என்னை யாரும் கூப்பிடவில்லை, இருந்தாலும் பின்னாலேயே போனேன். றீட்டா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டி மூடியில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

"அன்ரி, உங்களுக்குக் கரச்சல் குடுக்கக் கூடாது எண்டுதான் நோன்பு புடிச்ச. வேற ஒண்டும் இல்ல. அல்லாஹ் மேல ஆணையா."

றீட்டா திரும்பினார். "எண்ட வீட்டுத் தண்ணியும் வேணாமெண்டு வந்தீங்களோ எண்டு நினைச்சிட்டேன்." அடுப்புத் துணியை மடித்து வைத்தார். "இப்ப அத முறிக்க ஏலாதா?"

"விட்ட நோன்பு அன்ரி. கட்டாயம் புடிக்கிற. முறிக்க ஏலா."

"எத்தன மணிக்குத் திறக்கிற?"

"மஹ்ரிப் வாங்கு சொன்னா. ஆறு மணிக்குப் பொறகு."

றீட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் எங்களை அனுப்பிவைக்கத் தயாராகியிருந்த மனுஷி அவர். ஒரு முழுச் சாயங்காலத்துக்கு அவர் தயாராக இல்லை, அது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப இருங்க" என்றார். "மத்தவங்க சாப்பிடட்டும். நான் உங்களோட சாப்பிடுறேன்."

நாங்கள் சாப்பிட்டோம். அந்த மோஜுவைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போது வேண்டாம். சாப்பிட்ட பிறகு எல்லாரும் குசினியில்தான். கவிந்து தட்டுக் கழுவினான். மாலைக்கு ஏதாவது சூடாக இருக்கட்டும் என்று நோன்புக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று றீட்டா கேட்க, றிஸ்னா சொல்லச் சொல்ல டிலானி தேங்காய் துருவினாள். இஞ்சி, பூண்டு, ரம்பை இலை, கடைசியில் தேங்காய்ப் பால். என்னிடம் வெங்காயத்தைத் தந்தார்கள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது றீட்டா தானாகவே பேச ஆரம்பித்தார். "அண்டைக்கு நானும் பூசைக்குப் போக இருந்தது. தலவலி எண்டு படுத்திட்டேன். தம்பி மட்டும் போனான்." கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். "பொய் சொல்ல மாட்டேன் புள்ள. எனக்குக் கோவம் போகல்ல. பஸ்ல முக்காடு போட்ட ஆக்கள் பக்கத்தில வந்து இருந்தா எழும்பிடுவேன். உங்கள வரச் சொன்னது இவளுக்காகத்தான். இவ ராவில அழுறா."

டிலானி தேங்காயை விட்டுத் தலை நிமிரவில்லை.

"எனக்கு விளங்குது அன்ரி" என்றாள் றிஸ்னா. "நான் அப்ப ஓ லெவல். ஸ்கூல் கேட்ல எண்ட பேக்க மட்டும் ரோட்ல கொட்டிப் பாப்பாங்க. புத்தகம் எல்லாம் மண். எனக்கும் கோவம் வந்திச்சி. யாரோட கோவிக்கிற எண்டுதான் தெரியா."

றீட்டா அடுப்பைக் குறைத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டேன், யாரும் நம்பவில்லை.

மாலை அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று. பக்கத்துத் தெருவில் மாமி வீடு இருக்கிறது, போய்த் தொழுதுவிட்டு வருகிறேன் என்றாள் றிஸ்னா. றீட்டா வாசல் வரை போனார். "வருவீங்கதானே?" என்று கேட்டார். அவள் போன பிறகும் உள்ளே வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கொழும்பு மழைக்கு முன்னறிவிப்பு எல்லாம் கிடையாது, வாளியைக் கவிழ்க்கிற கதைதான். டிலானி அம்மாவையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். றிஸ்னா வராமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று நானும் தெருவை எட்டிப் பார்த்தேன். பேரீச்சம்பழப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதி நனைந்து, றிஸ்னா ஓடி வந்தாள். றீட்டா ஒரு துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார்.

பள்ளிவாசலின் வாங்குச் சத்தம் மழையோடு கலந்து வந்தது. றிஸ்னா வாய்க்குள் ஏதோ ஓதிப் பழத்தைக் கடித்து, றீட்டா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். கஞ்சியை ஊதி ஊதி இரண்டு வாய். "நல்லா வந்தீக்கி அன்ரி" என்றாள். அதற்குப் பிறகுதான் றீட்டா தன் கோப்பையைத் தொட்டார். மத்தியானத்திலிருந்து அவரும் ஒன்றும் தின்னவில்லை.

"மஹ்ரிப் தொழுதிட்டு வந்து சோறு தின்னுறேன்" என்று றிஸ்னா மாமி வீட்டுக்குப் போகக் குடையைத் தேடினாள்.

"இந்த மழையிலயா? இங்கயே தொழுங்க."

றிஸ்னா தயங்கினாள். கண் ஒரு முறை சுவரைச் சுற்றி வந்தது. படங்கள் இருக்கிற இடத்தில் தொழ மாட்டார்கள் என்று தர்ஷினி என் காதில் சொன்னார். றீட்டாவும் சுவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. படுக்கை அறையில் பீடம் இருந்தது. குசினியிலும் ஒரு மாதா இருந்தார்.

றீட்டா அலமாரியைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். கூடத்தின் ஓரத்தில் ஒரு கதவு இருந்தது, அதுவரை அது சாமான் அறை என்றே நினைத்திருந்தேன்.

"ஜூட் மாமாட அறை" என்றாள் டிலானி. அவள் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. "அம்மா பூட்டித்தான் வச்சிருப்பா. என்னையும் விடமாட்டா."

உள்ளே ஒரு கட்டில், ஒரு கிரிக்கெட் மட்டை, கொடியில் ஒரு சட்டை. சுவரில் பழைய காலண்டர் ஒன்றில் யாரோ நடிகையின் படம். றீட்டா அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். கூட்டினார். சலவை மடிப்புக் கலையாத ஒரு விரிப்பைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். "எந்தப் பக்கம் பாத்து?" என்று கேட்டார். றிஸ்னா போனைப் பார்த்துச் சொல்ல, விரிப்பை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் சொட்டச் சொட்டக் குடையோடு வந்தார். மழையைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்றோ என்னவோ, பெருங்குரல். "றீட்டா! உங்கட வீட்லயும் கரண்ட் போய்ப் போய் வருதா?"

றீட்டா விரலை உதட்டில் வைத்தார்.

"மெல்லக் கதைங்க அக்கா. தம்பிட அறையில புள்ள தொழுவுறா."